பார்க்காததை எழுதாதவள்

முதலில் நான் அவளைச் சந்தேகித்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மும்பையில், செம்பூரில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், இரண்டே அறைகள் கொண்ட ஓர் ஆய்வு அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற எண்களைச் சரிபார்த்து, அடுக்கி, அவற்றிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்வது என் வேலை. தாராவியில் சில சந்துகளில் குழாய்த் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, கலங்கலாக வருகிறதா தெளிவாக வருகிறதா என்று தினமும் குறித்து, எந்தச் சந்துக்கு முதலில் புதுக் குழாய் தேவை என்று ஒரு பட்டியல் தயாரிக்க வேண்டும். அந்த வருஷம் சில சந்துகளுக்கு மட்டும்தான் குழாய் மாற்ற முடியும் என்று வார்டு அலுவலகம் சொல்லியிருந்தது. எங்கள் பட்டியலை எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருந்தது. யாருக்கு யாரைத் தெரியும் என்பதை வைத்து நடந்துவந்த ஒரு காரியம் இனிமேல் தரவை வைத்து நடக்கப்போகிறது என்று நான் பூரித்துப்போயிருந்தேன்.

ஒவ்வொரு சந்திலும் அங்கேயே குடியிருக்கும் ஒருவரைக் குறிப்பெடுக்க அமர்த்தியிருந்தோம். வாரத்துக்கு ஒரு முறை தாள்கள் வந்து சேரும். எல்லோருடைய தாள்களிலும் கட்டங்கள் நிறைந்திருக்கும். ஒருத்தியின் தாளில் மட்டும் அங்கங்கே காலி. சில நாட்கள் மொத்த வரிசையுமே காலி. ஓரத்தில் தமிழில் ஏதோ எழுதியிருப்பாள். நான் மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் பேசுவது தமிழ். படித்தது முழுக்க ஆங்கிலம். தமிழ் எழுத்துகளைக் கூட்டிக் கூட்டித்தான் அன்றைக்கு எனக்கு வாசிக்கத் தெரியும், அதுவும் அச்சில் இருந்தால். அந்தக் கையெழுத்து எனக்குப் பிடிபடவில்லை. தாள்களைக் கணினியில் ஏற்றிய பெண் மராத்திக்காரி. அவள் ஓரத்தில் இருந்ததை விட்டுவிட்டுக் கட்டங்களை மட்டும் ஏற்றினாள்.

போன் செய்தேன்.

"ரெண்டு நாள் காலியா விட்டிருக்கேளே, தண்ணி வரலையா?"

"வந்துருக்கும் மேடம்."

"வந்திருக்கும்னா எழுதியிருக்கலாமே?"

"நான் பாக்கல மேடம். அன்னைக்கு நான் அங்கன இல்ல."

"பக்கத்துல யாரையாவது கேட்டு எழுதியிருக்கலாமோல்லியோ?"

"அவங்க பாத்தத அவங்கல்லா எழுதணும்? நான் பாக்காததுக்கு நான் என்னன்னு எழுத?"

சோம்பேறித்தனத்துக்கு நல்ல பதில் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மறுவாரம், காலையில் தண்ணீர் வரும் நேரத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன்.

அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கேயும் தன் பெயர் வரக்கூடாது என்று ஒரு முறை சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், எனக்கும் ஏறக்குறைய அதே வயது. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். தாராவியிலேயே பிறந்து, முனிசிபல் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள். வீட்டில் தையல் மிஷின் போட்டு ஸ்கூல் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைப்பாள். கணவர் ஓர் அலுமினியப் பட்டறையில் வேலை. உயரமானவள். சந்தில் நடக்கும்போது தலைக்கு மேலே தொங்கும் ஒயர்களுக்காகக் குனிந்து குனிந்து, நின்றிருக்கும்போதும் லேசாகக் குனிந்தே நிற்பாள்.

சந்தின் கடைசியில், சாக்கடை பெரிய நாலாவில், அந்தக் கழிவுநீர்க் கால்வாயில், விழும் இடத்துக்கு நாலு வீடு முன்னால் அந்தக் குழாய் இருந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் பைப் சாக்கடைக்குள்ளேயே படுத்துக் கிடந்தது. இரண்டு இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் வந்ததும் கையிலிருந்த போனில் நேரம் பார்த்தாள். ஒரு பக்கெட் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தாள். பிறகு நாங்கள் கொடுத்திருந்த சின்னக் கண்ணாடிப் புட்டியில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டினாள். மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, வராவிட்டால் இல்லை. மற்றவர்கள் புட்டியை அப்படியே குனிந்து பார்த்துவிட்டு எழுதுவார்கள். அவள் இரண்டு கூரைகளுக்கு நடுவே வானம் தெரிகிற இடம்வரை நடந்து போய், புட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"இங்கேயே பாக்கப்படாதா?" என்றேன்.

"செவரு பூரா நீலமாருக்கு மேடம். இங்கன வச்சுப் பாத்தா வேற கலராத் தெரியும்."

பிறகு தாளை நீட்டி என்னைக் கேட்டாள். "மொத ரெண்டு பக்கெட்டு கறுப்பா வருது. நாத்தம். பொறவு கலங்கல். பொறவு தெளிவு. இதுல கலங்கல், தெளிவுன்னு ரெண்டுதான் இருக்கு. எதுல டிக் போட?"

"எது ஜாஸ்தி நேரம் வரதோ, அதுல போடுங்கோ."

"அப்ப மொத ரெண்டு பக்கெட்டு எங்க போகும்?"

அவள் தெளிவு என்பதில் டிக் போட்டுவிட்டு ஓரத்தில் நாலு வரி எழுதினாள். அந்தக் கேள்வித்தாளைத் தயாரித்தவள் நான்தான். அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

எதிர் வீட்டு வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்த அவளுடைய தங்கை எல்லாவற்றையும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவைவிடப் பத்து வயது இளையவள். கல்யாணமாகி அதே சந்தில் எதிர் வீட்டுக்கே வந்திருந்தாள். அவளுக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகன். நான் பேசும் தமிழ் அவளுக்குப் பெரிய வேடிக்கை. "வந்திருக்கேளா, போயிருக்கேளா" என்று என் முகத்துக்கு நேராகவே பேசிக்காட்டுவாள்.

"எங்கக்காட்ட மழ பெய்யுதான்னு கேட்டுப் பாருங்க," என்றாள். "வெளிய போயி கைய நீட்டிப் பாத்துட்டு வந்துதான் சொல்லுவா."

அக்காவைப் பற்றி அவளிடம் நிறையக் கதைகள் இருந்தன. அக்காவின் கணவர் வழிச் சொந்தத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்ததாம். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்து, பெண் நல்ல பெண்ணா என்று இவளைக் கேட்டிருக்கிறார்கள். "நான் அவ கூட இருந்தது நாலு நாளு. அந்த நாலு நாளும் நல்லாத்தான் இருந்தா" என்றாளாம். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் நின்றுபோகிற அளவுக்கு வந்து, பெரியவர்கள் போய்ப் பேசிச் சரிசெய்தார்கள். அந்த வீட்டில் இன்றுவரை இவளோடு பேச்சுவார்த்தை இல்லை. குழாயடியில் ஒருநாள் இரண்டு பேர் சண்டை போட்டு ஒரு குடம் உடைந்தபோதும் அப்படித்தான். பக்கத்தில் நின்றது இவள்தான். யார் தள்ளிவிட்டது என்று எல்லோரும் கேட்டார்கள். "நான் திரும்பிப் பாக்கும்போ குடம் கீழ கெடந்துச்சு" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. இரண்டு பேருக்குமே அவள்மேல் கோபம்.

"அதென்ன அப்படி ஒரு பிடிவாதம்?" என்று அவளையே ஒரு தடவை கேட்டேன்.

"பிடிவாதம்லாம் இல்லக்கா," என்றாள். அதற்குள் மேடம் போய் அக்கா வந்திருந்தது. "சொல்லிட்டம்னா பொறவு அத நம்பிருவாவல்லா."

இன்னொரு நாள் தாள்களைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாட்டுங்காவுக்கு அவள் வருவது காய்கறி வாங்கவும் கோவிலுக்கும்தான், கட்டிடங்களுக்குள் வந்ததில்லை என்றாள். அம்மா காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றவள், "இது எத்தன மணிக்கு வரும்மா?" என்று கேட்டாள்.

"மொட்டமாடில டாங்க் இருக்கே. எப்பவும் வரும்."

"விடியக்காலம் மூணு மணிக்கு நீங்க தெறந்து பாத்துருக்கீங்களா?"

"அப்ப எதுக்கு நான் தெறக்கறேன்?"

"அப்போ எப்பவும்னு எப்படிம்மா சொல்லுதீங்க?"

அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் போன பிறகு, "யாருடி இது, வக்கீலாப் போயிருக்க வேண்டியவ" என்றாள். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்பவும் என்ற சொல்லை அவளால் அப்படி லேசில் ஏற்றுக்கொள்ள முடியாது.

தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு செம்பூரில் உட்கார்ந்து அலசத் தொடங்கினோம். அவளுடைய சந்து ஒரு தொல்லையாக நின்றது. இவ்வளவு காலி இருக்கும் ஒரு சந்தை மற்றவற்றோடு வைத்து ஒப்பிட முடியாது. எங்கள் தலைவர் மராத்திக்காரர், நல்ல மனிதர், நியாயத்துக்காக இருபது வருஷமாக உழைத்தவர். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, அந்தச் சந்தையே விட்டுவிடலாம். இல்லையென்றால், காலிக் கட்டங்களில் பக்கத்துச் சந்துகளின் சராசரியைப் போட்டு நிரப்பலாம். இது உலகம் முழுக்கச் செய்கிற காரியம்தான். புத்தகங்களில் இருக்கிறது. எப்போது செய்யலாம், எப்போது செய்யக்கூடாது என்பதும் அதே புத்தகங்களில் இருக்கிறது. விட்டுப்போனவை எந்த நாட்கள், ஏன் விட்டுப்போயின என்று முதலில் பார்க்க வேண்டும். அதை நான் பரீட்சைக்குப் படித்து எழுதியிருக்கிறேன், நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

விட்டுவிட்டால் பட்டியலில் அவள் சந்தின் பெயரே வராது. வராத பெயருக்குக் குழாய் எப்படி வரும்? நிரப்பினால் பெயராவது உள்ளே இருக்கும். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் நிரப்பினேன். கணினிக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். ஒரு டம்ளர் காப்பி ஆறுவதற்குள் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. அன்று சாயங்காலம் அந்தக் கோப்பு கண்ணுக்கு அழகாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எங்கும் ஓட்டையே இல்லை.

பக்கத்துச் சந்துகள் கொஞ்சம் மேட்டில் இருப்பவை. அங்கே பைப் சாக்கடைக்கு மேலே போகிறது. அதில் ஒரு சந்தின் தாள்களை எழுதியவர் மாஹிமில் தன் மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டே மூன்று வாரத் தாளையும் ஒரே மூச்சில் எழுதியிருக்கிறார் என்பது பிற்பாடு தெரியவந்தது. அந்தத் தண்ணீரைத்தான் நான் இவளுடைய குழாயில் ஊற்றியிருந்தேன். பட்டியல் வெளிவந்தபோது அவள் சந்து கடைசிக்கு முந்தின இடத்தில் இருந்தது. நிலைமை திருப்திகரம் என்று எதிரே எழுதியிருந்தது.

பட்டியலில் மேலே இருந்த இரண்டு சந்துகளுக்குப் புதுக் குழாய் போட்டார்கள். பிறகு மழை வந்தது.

தங்கைக்கு அப்போது ஏழாவது மாதம். முதலில் வாந்தி. மசக்கை திரும்ப வந்திருக்கிறது என்று கேலி பேசினார்களாம். பிறகு கண் மஞ்சளாயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சாதாரணமாக மஞ்சள் காமாலை வந்தால் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்துவிடுவார்கள். கர்ப்பிணிகளை மட்டும் அது வேறு மாதிரிப் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். நாலாவது நாள் தங்கைக்கு நினைவு தப்பியது. ஆறாவது நாள் காலையில் குழந்தையோடு போய்விட்டாள். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. எதிர் வீட்டு வாசலில் அந்தப் பையன் அம்மாவின் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற அவன் பெரியம்மா என்னைப் பார்த்தாள், "வாங்கக்கா" என்றாள், பிறகு அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அதே மழையில் அந்தச் சந்தில் இன்னும் பல பேருக்குக் காமாலை வந்தது. ஒரு தொண்டு அமைப்பு மாட்டுங்காவில் ஒரு ஹாலில் கூட்டம் போட்டது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், இரண்டு மூன்று கேமராக்கள் வந்தன. வார்டு அலுவலகத்திலிருந்தும் ஓர் அதிகாரியைக் கூப்பிட்டு மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். சந்திலிருந்து ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். கடைசியில் அவளைக் கூப்பிட்டார்கள். எல்லோரும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள். தங்கையைப் பறிகொடுத்தவள், தண்ணீரைத் தினமும் அளந்தவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அமைப்பின் பெண் என் காதில் சொன்னாள்.

மைக்கை வாங்கிக்கொண்டு, தான் எந்தெந்த நாட்களில் தண்ணீரைப் பார்த்தாள், அது எப்படி இருந்தது என்று தேதி வாரியாகச் சொன்னாள். புட்டியில் மஞ்சள் வராத நாட்களைச் சொன்னாள். பிறகு அமைப்பின் பெண் கேட்டாள், "இந்தத் தண்ணிதானே உங்க தங்கச்சியக் கொன்னது?"

அவள் மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"காமாலைன்னு டாக்டர் சொன்னாவ. அது இந்தத் தண்ணியிலருந்து வந்துச்சா, வேற எங்கருந்தும் வந்துச்சான்னு நான் பாக்கல."

ஹாலில் ஒரு சலசலப்பு. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வேற என்னவா இருக்கும்?"

"எனக்கும் இதுதான்னு தோணுது. ஆனா தோணுறத எப்படிச் சொல்ல? அவ வெளியயும் குடிச்சிருப்பா. நான் கூடவே போய்ப் பாக்கலியே."

மேடையில் இருந்த அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் பத்திரிகையில் அவள் சொன்ன தேதிகள் எதுவும் வரவில்லை. நோய்க்குத் தண்ணீர்தான் காரணம் என்று குடியிருப்பவர்களே உறுதியாகச் சொல்லவில்லை என்று ஒரு வரி வந்தது. சந்துக்காரர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள். தங்கையின் கணவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஒரு வார்த்த சொன்னா என்ன குறஞ்சு போயிருப்ப?" என்று கத்திவிட்டுப் போனார். அவர் பையனைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கும் அன்று அவள்மேல் கோபம்தான். ஹாலை விட்டு வெளியே வந்து, அவளிடம் பேசாமலே வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் செம்பூர் அலுவலகத்துக்கு அவள் வந்தாள். அதற்கு முன் அங்கே வந்ததில்லை. பஸ்ஸில் வந்து, விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்க சந்துக்கு ஏன் கொழாய் வரலன்னு வார்டு ஆபீஸ்ல போயிக் கேட்டேன்க்கா. உங்க லிஸ்ட்டுல திருப்தின்னு போட்டுருக்குன்னு சொன்னாவ. நான் எழுதுனதுல அப்படி இல்லியே. அதான் பாக்கணும்னு வந்தேன்."

கணினியில் அவள் சந்தின் பக்கத்தைத் திறந்தேன். ஆங்கிலத்தில் இருந்தாலும் தேதிகள் அவளுக்குப் புரிந்தன. கலங்கலுக்கு ஒன்று, தெளிவுக்கு இரண்டு என்று சொன்னதும் மற்றதும் புரிந்தது. விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"அன்னைக்கு நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். தங்கச்சி மகனுக்கு வயித்தால போயி, குளுக்கோஸ் ஏத்துனாவ. இதுல ரெண்டுன்னு இருக்கு."

விரல் கீழே வந்தது.

"இந்த மூணு நாளும் எனக்கே மேலுக்கு முடியல. படுத்துக் கெடந்தேன். இதுலயும் ரெண்டு." திரும்பி என்னைப் பார்த்தாள். "யாருக்கா பாத்தா?"

சராசரி என்றால் என்ன, எதற்காக நிரப்புகிறோம், எப்படி நிரப்புகிறோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். நிறைய நேரம் பேசினேன். அவள் நடுவில் குறுக்கிடவே இல்லை.

"அப்ப யாரும் பாக்கல," என்றாள்.

"இல்ல," என்றேன்.

"உங்க சந்து லிஸ்ட்லேர்ந்து போயிடப்படாதேன்னுதான்..." என்று இழுத்தேன்.

"காலியாவே விட்டுருந்தா, ஏன் காலியா இருக்குன்னு யாராவது வந்து கேட்டுருப்பாவல்லாக்கா?"

அவள் குரல் உயரவில்லை. என்மேல் குற்றம் சாட்டவும் இல்லை, என் காரியத்தால்தான் தங்கை செத்தாள் என்று சொல்லவும் இல்லை. சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதை அவள் பார்க்கவில்லை. எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் சரியாகத் தள்ளி வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அன்றைக்கு அவளுடைய அசல் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவிடம் ஓரக் குறிப்புகளை வாசிக்கச் சொன்னேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்க வாசித்தாள். இன்னைக்கு நான் பாக்கல, பிள்ளைக்கு வயித்தால போகுது, ஆஸ்பத்திரி. இன்னைக்கும் பாக்கல, ஆஸ்பத்திரி. பக்கத்து வீட்டுலயும் ரெண்டு பேருக்கு முடியல, கூடப் போனேன், தண்ணி பாக்கல. நாலைந்து தாள் வாசித்த பிறகு அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். "போறும்டி" என்றாள்.

மீதியை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். பல நாட்கள் ஆயிற்று. தமிழ் எனக்குத் தடையில்லாமல் வாசிக்க வந்தது அந்தத் தாள்களால்தான். ஒவ்வொரு முறையும் கதை ஒன்றுதான். கலங்கல் தண்ணீர் வரும். இரண்டு மூன்று நாளில் குழந்தைகள் படுப்பார்கள். அவள் தூக்கிக்கொண்டு ஓடுவாள், கட்டங்கள் காலியாகும். அந்தத் தாளில் மிக மோசமான நாட்கள் காலியாக இருந்த நாட்கள்தான். அவற்றைத்தான் நான் நல்ல தண்ணீரால் நிரப்பியிருந்தேன்.

குறிப்புகளைச் சேர்த்து மறுபடியும் அலசினேன். அவள் சந்து பட்டியலின் முதல் இடத்துக்கு வந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் வார்டு அலுவலகத்துக்குப் போனோம். இந்த வருஷத்து வேலை ஒதுக்கியாகிவிட்டது, அடுத்த வருஷம் புதுப் பட்டியலோடு வாருங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அடுத்த வருஷம் எங்களுக்கு அந்த ஆய்வு இல்லை. அச்சான அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், சில மதிப்புகள் பின்னர் திருத்தப்பட்டன என்று சிறிய எழுத்தில் ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியை எழுதியவளும் நான்தான். எந்தச் சந்து என்று அதில் இல்லை.

அவளிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். "நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க?" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஷினில் ஜிப்பை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வந்தது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சில மாதங்களில் அந்தச் சந்தை விட்டே அவர்கள் போய்விட்டார்கள். பேசாத ஜனங்களுக்கு நடுவில் எத்தனை நாள் இருக்க முடியும்? மான்குர்ட் பக்கம் எங்கோ என்றார்கள். போன் நம்பரும் மாறிப்போயிருந்தது.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது போன வருஷம், திலக் நகர் ஸ்டேஷனில். நல்ல வெயில். பிளாட்பாரப் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் ஒரு டேப்லெட்டை வைத்திருந்தாள். கழுத்தில் ஏதோ கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டு இடம்விட்டாள்.

"அக்கா! எப்படி இருக்கீங்க? அம்மா நல்லாருக்காவளா?"

வீடு வீடாகப் போய்க் குடியிருப்பு வசதிகளைக் கணக்கெடுக்கும் வேலை என்றாள். தையலில் கண் வலிக்கிறது, இது பரவாயில்லை. மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். பேசிக்கொண்டே அவள் விரல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. கதவு எண், குடும்பத்தில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா. ஒன்றைத் தொட்டு, அடுத்ததற்குப் போய், தொட்டு, அடுத்தது. குடிநீர் தரம் என்று ஒரு கேள்வி வந்தது. நன்று என்பதைத் தொட்டாள். ஒரு வீடு முடிந்து அடுத்த வீடு திறந்தது.

"காத்தால பாத்த வீடெல்லாமா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, இது எதித்தாப்புல அந்த பில்டிங்." தண்டவாளத்துக்கு அப்பால் கையைக் காட்டினாள். "அஞ்சாவது மாடி. லிஃப்ட் ஓடல."

"அப்போ இன்னும் போகல?"

"போகல."

மறுபடியும் குடிநீர் தரம் வந்தது. மறுபடியும் நன்று. என்ன கேட்டேன் என்று சரியாக நினைவில்லை. அவள் பெயரைச் சொல்லி, நீங்களா இப்படி என்கிற மாதிரி ஏதோ கேட்டிருக்கிறேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெட்கமோ கோபமோ அந்த முகத்தில் இல்லை. குத்திக்காட்டுவதாகவும் இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை எதற்காகக் கேட்கிறேன் என்று புரியாதவள் மாதிரி இருந்தாள்.

"நாலாவது மாடி வரைக்கும் பாத்துட்டேன்லாக்கா. பக்கத்துல உள்ளதுதான அங்கயும் இருக்கும்?"

மான்குர்ட் போகிற வண்டி வந்தது. டேப்லெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரேன்க்கா, அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க" என்று சொல்லி லேடீஸ் பெட்டியில் ஏறிக்கொண்டாள்.